முன்னால் போனவர்கள்: பாளையங்கோட்டை முதல் தோர்ணக்கல் வரை

வெள்ளி, பாளையங்கோட்டை

மிஷனெரிகளின் தடத்தில் ஒரு பயணம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வேன் பிடிப்பார்கள். கல்லறைகளின் முன்னால் கூட்டமாக நின்று படம் எடுப்பார்கள். வழியில் ஏதாவது ஒரு சேகரத்தில், அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், மதியச் சாப்பாடு. பார்க்கிற கல்லறை எல்லாவற்றிலும் வெள்ளைக்காரர் பெயர். வாலிபர் சங்கத்தில் இருந்த காலத்தில் நானும் அப்படிப் போனவன்தான்.

இந்த முறை உடன் வரும் அக்கா, பெரியப்பா மகள், ஒரு நிபந்தனை போட்டாள். "எந்த ஊருக்குப் போனாலும், தம்பி, துரை வர்றதுக்கு முன்னால அங்க யாரு போனாங்கன்னு பாக்கணும். அது தெரியாம அடுத்த ஊருக்கு வண்டி எடுக்கக் கூடாது." பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவள். கேள்வித்தாள் தயாரிக்கும் பழக்கம் மட்டும் ஓய்வுபெறவில்லை.

முதல் விடை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. குளோரிந்தாள் ஆலயம் என்றால் ஆட்டோக்காரர் யோசிக்கிறார். பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றால் உடனே வண்டியைத் திருப்புகிறார். சின்னக் கட்டடம். 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டியவர் தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமணப் பெண், கணவனை இழந்தவர், கோகிலா என்று பெயர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியுடன் வாழ்ந்து வந்தார். கிறிஸ்தவ வேதத்தைக் கற்றுக்கொண்டு ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவருக்குக் கொடுக்க முடியாது என்று ஜெர்மன் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம்) மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் ஞானஸ்நானம் நடந்தது. குளோரிந்தாள் என்று பெயரானது.

மறுக்கப்பட்ட அந்தக் காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. தெரிந்ததை அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் அவருடையது. திருநெல்வேலித் திருச்சபை முழுவதும் அந்த 40 பேரிலிருந்து ஆரம்பித்தது என்று சொல்வது மிகையில்லை. அப்புறம், எங்களுக்கு நிரந்தரமாக ஒரு ஆளைத் தாருங்கள் என்று தஞ்சாவூருக்கே போய்க் கேட்டவரும் அவர்தான். ஷ்வார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார் (குருப்பட்டம் இல்லாமல் வேதம் போதிக்கிறவர்) சத்தியநாதன், 1790-ல் குருப்பட்டம் பெற்றார். ஆக, இங்கே முன்னால் வந்தது துரை இல்லை. சபையில் சேர்த்துக்கொள்ளவே யோசிக்கப்பட்ட ஒரு பெண்.

ஊசிக்கோபுரத்துக்கும் போனோம். 1826-ல் ரேனியஸ் ஐயர் கட்டிய கோவில். அதைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அடைக்கலாபுரத்தில் இருக்கும் அவர் கல்லறையைப் பற்றி. பிரஷ்யா தேசத்துக்காரர். 1820-ல் இங்கே வந்தார், 1838-ல் 47 வயதில் இறந்தார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஊர் ஊராகச் சபைகள், பள்ளிக்கூடங்கள், ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க ஒரு தர்ம சங்கம் என்று ஓடியிருக்கிறார். ஆனால் சாகும்போது அவரை அனுப்பிய சங்கத்தில் அவர் இல்லை. 1835-ல் நீக்கிவிட்டார்கள். சண்டையின் ஒரு காரணம் எங்கள் கேள்வியோடு ஒட்டியது: தன்னோடு உழைத்த தமிழ் உபதேசிமாருக்கு லுத்தரன் முறைப்படி இங்கேயே குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்றார் அவர்; ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைப் பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டவரைத் திரும்ப வரச் சொல்லி அழைத்தவர்களும் அதே உபதேசிமார்தான்.

யார் பக்கம் நியாயம் என்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே அக்காவும் நானும் வாதாடினோம். எனக்குச் சங்கத்தின் சட்டம் புரிகிறது. ஆனால் மனசு ரேனியஸ் பக்கம் போகிறது.

சனி, தேரிக்காட்டு வழி

செம்மண் தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மணல் சிவப்பு, மரம் எல்லாம் பனை, காற்று அடித்தால் நேற்று இருந்த மேடு இன்று அங்கே இருக்காது. பதநீர் இன்னும் சரியாக இறங்க ஆரம்பிக்கவில்லை என்று ஓட்டுநர் அண்ணாச்சி வருத்தப்பட்டார்.

முதலூர். 1799-ல் உருவான கிறிஸ்தவக் கிராமம். இதற்கு அடிபோட்டவர் தாவீது சுந்தரானந்தம். சின்னமுத்து என்பது பழைய பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் போன இடத்தில் கிறிஸ்தவராகி, சொந்த மண்ணுக்கே உபதேசியாராகத் திரும்பி வந்தவர். அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்களை ஊர்க்காரர்கள் அடித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். எங்கேயாவது நிம்மதியாகக் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்று நிலம் வாங்கி இவர்களைக் குடியேற்றினார். அதுதான் முதலூர். அவர் சில வருஷத்தில் இறந்துபோனார். விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்றே இந்தப் பக்கத்தில் சொல்லி வருகிறார்கள்.

இன்று முதலூர் என்றால் வெளியூரில் மஸ்கோத் அல்வாதான் ஞாபகம் வருகிறது. தேங்காய்ப் பாலில் கிண்டும் அல்வா. நாங்களும் வாங்கினோம். தாவீதைத் தெரியாமல் அல்வாவைத் தெரிந்துவைத்திருக்கிறார்களே என்று அண்ணாச்சி ஆதங்கப்பட்டார். அக்கா, "அல்வா கிண்டுறதுக்கு அந்த ஊர் உயிரோட இருக்கே அண்ணாச்சி, அது போதும்" என்று ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மெஞ்ஞானபுரத்தில் கொஞ்ச நேரம்தான். ஜான் தாமஸ் ஐயர் கட்டிய பரிசுத்த பவுல் ஆலயம், 192 அடிக் கோபுரம். பொட்டல் வெளியில் அவ்வளவு உயரத்தில் ஒரு கோபுரம் எதற்கு என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு. பனையேறிகளுக்கு அது எட்டூருக்குத் தெரியும் அடையாளமாக இருந்தது என்பார்கள். அதே செலவில் எத்தனை கிணறு வெட்டியிருக்கலாம் என்பேன் நான். சரி, தாமஸ் கிணறுகளும் வெட்டினார், தோட்டமும் போட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் வெள்ளாளன்விளை. இந்தப் பயணம் தெலுங்கானா வரை நீள்வதற்குக் காரணமான ஊர். 1874-ல் இங்கே ஒரு கிராமத்து ஐயர் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. வேலையாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர் 1902-ல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் கடல் தாண்டித் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணம் சின்ன இடம். திருநெல்வேலியில் அதைவிடப் பெரிய கிறிஸ்தவக் கூட்டம் இருந்தும், ஒருவரையும் எங்கேயும் அனுப்பவில்லை. அது அவருக்கு உறைத்தது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. இந்தியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். சீமையிலிருந்து ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்று முடிவு.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி குறையாது. மாதக் கடைசியில் கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்குட்டியார் வந்து அளந்து வாங்கிக்கொண்டு போவார். அது எங்கே போகிறது என்று கேட்டால், "தெலுங்குச் சீமைக்கு" என்பாள். தெலுங்குச் சீமை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. புதன்கிழமை தெரிந்துவிடும்.

ஞாயிறு, இடையன்குடி, டோனாவூர்

காலை ஆராதனை இடையன்குடியில். கால்டுவெல் 1841-ல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்தார். 1847-ல் அஸ்திவாரம் போட்ட கோவில் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷம். காசு வரும்போது வேலை, நின்றால் நிறுத்தம். பீடத்துக்கு அடியில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக உலகமே அவரைக் கொண்டாடுகிறது. அந்த வேலையை இந்த மணல் காட்டில் உட்கார்ந்து செய்தார் என்பதை ஊரை நேரில் பார்த்த பிறகுதான் ஆச்சரியப்படத் தோன்றுகிறது.

ஆனால் அக்காவின் கேள்வி இருக்கிறதே. கால்டுவெல் 1844-ல் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனெரி மால்ட் ஐயரின் மகள். இங்கேயே வளர்ந்தவர். புத்தகத் தமிழ் கற்றுவந்த கணவருக்கு முன்னால், வீட்டு வாசலில் பெண்களோடு பேசும் தமிழ் அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், லேஸ் பின்னும் வேலை எல்லாம் அவர் கையால் ஆரம்பித்தவை. சிலை கணவருக்கு மட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. 1849-ல் கால்டுவெல் இந்தப் பகுதியில் இருந்த நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதைப் படித்த நாடார்கள் கொதித்துப்போனார்கள், தாங்கள் நம்பிய ஐயரே தங்களைத் தாழ்வாக எழுதிவிட்டார் என்று வருஷக்கணக்கில் கோபம் ஓடியது. வெள்ளைக்கார மிஷனெரிகளின் அதிகாரமே வேண்டாம் என்று சட்டாம்பிள்ளை என்பவர் 1857-ல் பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கிவிட்டார். இந்து கிறிஸ்தவ சபை என்று பெயர். மிஷனெரி சரித்திரம் எழுதுகிறவர்கள் அவரைக் கலகக்காரர் என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அவரும் விசுவாசிதான். கிறிஸ்துவை வைத்துக்கொண்டு துரையை மட்டும் வேண்டாம் என்று சொல்ல அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல் வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் களக்காட்டு மலையடிவாரம், டோனாவூர். ரேனியஸுக்குப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரில் அமைந்த ஊர். தேரியிலிருந்து வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. வயல், குளம், பின்னால் மலை. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியா வந்தார். 1951-ல் இங்கேயே இறந்தார். இடையில் ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. 1901-ல் கோவிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அங்கிருந்துதான் குழந்தைகளைக் காப்பாற்றும் வேலை தொடங்கியது. 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு ஏறத்தாழ இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார்.

அவருக்குக் கல்லறைக் கல் வைக்கவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அவ்வளவுதான். அக்கா அங்கே நிற்கும்போதும் விடவில்லை. "பொன்னம்மாளுக்கு எங்க?" என்றாள். பொன்னம்மாள் ஓர் இளம் விதவை. ஏமியோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போன பெண்கள் குழுவில் ஒருவர். நகை போடாமல் பெண்கள் வெளியே வருவதை நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில் அந்தக் குழுவினர் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வைத்தபோது அதன் பொறுப்பு முழுவதும் பொன்னம்மாள் தலையில். 1915-ல் புற்றுநோயில் இறந்தார். தெரியாத மொழியில், தெரியாத ஊரில் ஓர் ஐரிஷ் பெண்மணியால் பச்சைக் குழந்தைகளை அத்தனை பேரை எப்படி வளர்க்க முடிந்தது என்று யாராவது கேட்டால், பதிலில் பாதி பொன்னம்மாள்.

திங்கள், மயிலாடி

நேற்று இரவு நாகர்கோவிலில் தங்கினோம். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

மயிலாடியில் இறங்கியதும் காதில் விழுவது உளிச் சத்தம். கல்சிற்பிகளின் ஊர். ரோட்டோரத்தில் பாதி செதுக்கிய பிள்ளையார், நந்தி, ஓர் ஓரத்தில் சிலுவை போட்ட கல்லறைக் கல். இந்த ஊருக்காகவே இந்தப் பயணத்தில் ஒரு நாளை முழுசாக ஒதுக்கியிருந்தேன்.

மகாராசன் என்பவர் இந்த ஊர்க்காரர். சாம்பவர் சமூகம். அந்தக் காலத் திருவிதாங்கூரில் அதற்கு என்ன அர்த்தம் என்றால், நடக்கக் கூடாத ரோடு, நெருங்கக் கூடாத தூரம், போடக் கூடாத துணி, அதற்கு மேல் கூலியில்லாத ஊழிய வேலை. இவர் கடவுளைத் தேடிச் சிதம்பரத்துக்கு நடந்துபோனார். அங்கே மனநிறைவு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாகியிருந்த உறவினர் வீட்டில் தங்கினார், கோவிலுக்குப் போனார், கோல்ஹாப் ஐயரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்று பெயரானது. ஊருக்கு வந்து சொந்தக்காரர்களுக்குச் சொன்னார். ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஓர் ஐயர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்.

வந்தவர் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே. 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அதாவது தெற்குத் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரியை ஒரு சாம்பவர் போய் அழைத்து வந்திருக்கிறார். அழைத்து வந்தவருக்குத் தன் ஊர் ரோட்டிலேயே நடக்க உரிமை இல்லை.

ரிங்கல்தௌபே ஒரு விசித்திரமான மனிதர். தலையில் நாட்டு ஓலைத் தொப்பி, போட்டுக்கொள்ள ஒழுங்கான கோட்டு கிடையாது, சம்பளம் வந்தால் வந்த வேகத்தில் பிறருக்குப் போய்விடும். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களைச் சட்டென்று நம்பவும் மாட்டார். வரியிலிருந்தும் ஊழிய வேலையிலிருந்தும் தப்பிக்கத்தானே வருகிறீர்கள் என்று சந்தேகப்படுவார். எனக்கு இந்த இடத்தில் அவரோடு உடன்பாடு இல்லை. முதுகில் சுமை அழுத்துகிறவன் சுமையை இறக்க இடம் தேடுவது விசுவாசத்தில் குறைவா என்ன? எகிப்திலிருந்து கிளம்பிய இஸ்ரவேலரும் செங்கல் சுமையிலிருந்து தப்பிக்கத்தான் கிளம்பினார்கள். கர்த்தர் அவர்களிடம் உள்நோக்கம் விசாரிக்கவில்லை.

இங்கே கோவில் கட்ட அனுமதி சுலபத்தில் கிடைக்கவில்லை. திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் மெக்காலே தலையிட வேண்டியிருந்தது. இடையில் ஆங்கிலேயருக்கு எதிராக வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி வந்தபோது, கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரரின் ஆட்கள் என்று பார்க்கப்பட்டதால் வேதமாணிக்கம் மலைக்குள் ஒளிந்திருக்க நேர்ந்தது. 1809-ல் கோவில் எழும்பியது. அதே ஊரில் ஆரம்பித்த பள்ளிதான் பின்னால் நாகர்கோவிலுக்குப் போய் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1816-ல் ரிங்கல்தௌபே உடம்பு முடியாமல் ஊரை விட்டுக் கிளம்பினார். பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். கப்பல் ஏறிப் போனவர் எங்கே, எப்படி இறந்தார் என்பது யாருக்கும் தெரியாது. கல்லறை கிடையாது. அடுத்த மிஷனெரி மீட் ஐயர் 1818-ல் வரும் வரை சபையைக் காத்தது வேதமாணிக்கம்.

இங்குள்ள ஆலயத்தின் பெயரில் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறார்கள்: ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம். பலகையைப் படித்துவிட்டு அக்கா, "இந்த ஊர்ல நமக்கு வேலை இல்ல தம்பி, அவங்களே எழுதிட்டாங்க" என்றாள். வெளியே வந்து டீ குடிக்கும்போது அவளே வேறொன்றைக் கேட்டாள். வேதமாணிக்கத்தைக் கொண்டாடுகிற நம் சபைகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் விசாரிப்பது என்ன? அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த பதில்தான்.

செவ்வாய், ரயிலில்

நாகர்கோவிலில் ஏறிச் சென்னையில் இறங்கி, எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய், மறுபடி ரயில். எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா புளியோதரையும் முதலூர் அல்வாவும் எதிர் இருக்கைக்காரர்களுக்குப் பரிமாறினாள். அவர்கள் திருப்பதிக்குப் போய்விட்டு வாரங்கலுக்குத் திரும்புகிறவர்கள். எங்களுக்கு லட்டு கொடுத்தார்கள். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டார்கள். சர்ச் பார்க்க தோர்ணக்கல்லுக்கு என்றோம். இவ்வளவு தூரமா என்றார் அந்த அம்மா. அவர்களும் மலை ஏறப் பாதி ராஜ்யம் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

1904-ல் இந்திய மிஷனெரிச் சங்கத்தின் முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன் இதே திசையில் நிஜாம் ராஜ்யத்துக்குக் கிளம்பினார். தமிழ் மட்டும் தெரிந்த ஊரிலிருந்து தெலுங்கு பேசும் ஊருக்கு. அவரைப் பற்றி நான் ஞாயிறுப் பள்ளியில் ஒரு தடவையும் படித்ததில்லை. வெள்ளைக்கார மிஷனெரிகளான கேரியைப் பற்றிப் படித்தேன், லிவிங்ஸ்டனைப் பற்றிப் படித்தேன்.

புதன், தோர்ணக்கல்

விஜயவாடா தாண்டி கம்மம் வரும்போது ஜன்னல் வழியாகச் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. களம் களமாகக் காயப்போட்ட மிளகாய். மூக்கில் நெடி ஏறி பெட்டி முழுவதும் தும்மல். அடுத்துக் கொஞ்ச நேரத்தில் தோர்ணக்கல் ஜங்ஷன். சிங்கரேணி நிலக்கரிக்குக் கிளைப் பாதை பிரிகிற இடம். இறங்கியபோது சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பேராலயம் ஸ்டேஷனிலிருந்து தூரமில்லை. முதலில் பார்த்ததும் அக்கா, "இது எந்த ஊர் பாணி?" என்றாள். மெஞ்ஞானபுரம் மாதிரியும் இல்லை, ஊசிக்கோபுரம் மாதிரியும் இல்லை. மேலே மசூதியில் இருப்பதுபோல் குவிமாடங்கள், மினார்கள். உள்ளே போனால் கோவில் மண்டபத்துத் தூண்கள். தாமரையும் சிலுவையும் சேர்ந்த வேலைப்பாடு. நிஜாம் ராஜ்யத்து இந்துவும் முஸ்லிமும் நுழையும்போது அந்நிய இடம் என்று நினைக்கக் கூடாது என்பது அசரியாவின் எண்ணம். 1939 ஜனவரியில் பிரதிஷ்டை. தேரிக்காட்டுப் பையன் தெலுங்கு நாட்டில் கட்டிய கோவில். இங்கிலாந்து கோவிலின் நகலை அவர் கட்டவில்லை என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எங்களைச் சுற்றிக் காட்டிய ஐயகாருவுக்கு (இங்கே பாதிரியாரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) கொஞ்சம் தமிழ் தெரிகிறது. மனைவியின் சிகிச்சைக்காக வேலூரில் பல மாதம் தங்கினாராம். அங்கே கற்றது மருந்துக்கடைத் தமிழும் ஹோட்டல் தமிழும். மீதியை ஆங்கிலத்தில் நிரவிக்கொண்டோம்.

அசரியா 1909-ல் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு இங்கே வந்தார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியது இன்றும் பேசப்படுகிறது. நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் கேட்டார். பலருக்குப் பிடிக்கவில்லை. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஓர் இந்தியனுக்குக் கீழே வெள்ளைக்கார ஐயர்மார் வேலை செய்வார்களா என்ற முணுமுணுப்பு வெளிநாட்டு மிஷனெரிகளிடம் மட்டுமல்ல, திருநெல்வேலியிலும் இருந்தது.

பேராயர் பெரும்பாலும் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும்தான் சுற்றினார். இங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், நிலமில்லாத கூலிகள். அழுக்கு, நோய், கடன், குடி என்று நாலு பேய்களை விரட்ட வேண்டும் என்பார் அவர். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று பவுலின் வார்த்தையைச் சொல்ல வைப்பாராம். நேற்று வரை யாரும் எதற்கும் கேட்காத ஒரு கூலிக்காரனிடம், இனி உன் பக்கத்து ஊருக்கு நீதான் பொறுப்பு என்று சொல்வது சாதாரண விஷயமா? எனக்கு அசரியாவிடம் மிகவும் பிடித்தது இதுதான். கொடுப்பவனாக மட்டும் அவர் நிற்கவில்லை. வாங்கியவனையும் கொடுக்க வைத்தார். இந்தக் கூட்டமான மதமாற்றம் பற்றி 1930-களில் காந்திக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. காந்தி கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இன்றும் நம்மிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அந்த மக்கள் யோசிக்கத் தெரியாதவர்கள், யாரோ இழுத்த இழுப்புக்குப் போனவர்கள் என்ற வாதத்தை மட்டும் மயிலாடியைப் பார்த்த பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

1945 புத்தாண்டு நாளில் இங்கேயே இறந்தார். 1919-ல் தரங்கம்பாடியில் கூடி அவரும் மற்றவர்களும் தொடங்கி வைத்த சபை ஐக்கியப் பேச்சு 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அவருடைய கல்லறை பேராலய வளாகத்திலேயே இருக்கிறது.

அக்கா ஐயகாருவிடம் தன் கேள்வியை இந்தத் தடவை கொஞ்சம் திருப்பிப் போட்டாள். "அசரியா ஐயாவுக்கு அப்புறம் இங்கேருந்து யாராவது வெளியே போனாங்களா?"

அவருக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். பத்ராசலம் தாண்டி, காட்டுக்குள் கோயா பழங்குடி மக்கள் நடுவில் ஒரு குடும்பம் இருக்கிறது. தங்கள் சபைதான் தாங்குகிறது என்றார். அந்த ஊழியரின் தாத்தா பக்கத்துக் கிராமத்தில் பண்ணைக் கூலி. ஞாயிறுதோறும் பெண்கள் பிடி அரிசி கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ரேஷன் அரிசிதான், அதை ஏலம் போட்டு அனுப்புகிறோம் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியாது, பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது என்றார்.

அக்கா பர்ஸைத் திறந்தாள். ஐயகாரு ரசீதுப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி ஒரு பையனை அனுப்பினார். பையன் வரும் வரை கோயா மக்களின் மொழியை அந்த ஊழியர் எத்தனை நாளில் கற்றுக்கொண்டார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், மழைக்காலத்தில் அங்கே போக ரோடு உண்டா என்று அக்கா விசாரித்துக்கொண்டே இருந்தாள். மழை பெய்தால் பத்து நாள் போக்குவரத்து இல்லையாம். சனிக்கிழமை ஒரு ஜீப் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறது, இரண்டு பேருக்கு இடம் இருக்கும் என்றார் அவர். அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் திரும்பும் டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு.

டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று இப்போது செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.